‘லைக்’ போட்டால் ஜெயிலா?

பீளமேட்டில் பஸ் ஏறி அவினாசி ரோடு வழியாகக் காந்திபுரம் போயிருக்கிறீர்கள்தானே, சுட்டிகளே? அங்கே நீளமாக ஒரு மதில் சுவர் வரும். அதுதான் கோவை மத்திய சிறை. நம் ஊர் வ.உ.சி. மைதானம் யார் பெயரில் இருக்கிறதோ, அந்த வ.உ.சிதம்பரனார் 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை இதற்குள்தான் அடைபட்டுக் கிடந்தார். மாடு இழுக்க வேண்டிய செக்கை அவரை இழுக்க வைத்தார்கள்.

திருடினாரா? யாரையாவது அடித்தாரா? இல்லை. மேடையில் பேசினார். ஆங்கில ஆட்சி மேல் மக்களுக்கு வெறுப்பு வரும்படி பேசினார் என்பது வழக்கு. அதற்கு ஓர் ஆயுள் தண்டனை. அவருடன் பேசிய சுப்பிரமணிய சிவாவுக்கு உதவியாக இருந்தாராம். அதற்கு இன்னோர் ஆயுள் தண்டனை! மொத்தம் 40 வருஷம். பிறகு உயர் நீதிமன்றம் குறைத்ததால் 1912 டிசம்பரில் விடுதலையானார்.

அந்த இரண்டாவது தண்டனையைக் கவனித்தீர்களா? பேசியவருக்குத் துணை நின்றதே குற்றம்! சுதந்திர இந்தியாவிலும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்று நடந்தது. 2012 நவம்பரில் அரசியல் தலைவர் பால் தாக்கரே காலமானார். மும்பையே கடையடைத்தது. பக்கத்து ஊரான பால்கரில் ஓர் இளம்பெண், ‘இதற்காக ஊரை ஏன் மூட வேண்டும்?’ என்ற பொருளில் பேஸ்புக்கில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு ஒரு ‘லைக்’ போட்டார். போலீஸ் வந்து இரண்டு பேரையும் கைது செய்தது. ஆம், லைக் போட்டவரையும்தான்!

அதற்கு முந்தைய மாதம் புதுச்சேரியில் ஒரு தொழிலதிபர் கைதானார். அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியிருந்தார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் வெறும் 16 பேர். உங்கள் வகுப்பில் பாதிகூட இல்லை!

இந்தக் கைதுகளுக்குக் கைகொடுத்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. இணையத்தில் ஒருவரை மிகவும் புண்படுத்தும்படி எழுதினாலோ, மின்னஞ்சல் அனுப்பி எரிச்சலூட்டினாலோ 3 வருஷம் வரை சிறை. சரி, எது எரிச்சல்? அண்ணன் பாட்டுப் பாடினால் உங்களுக்கு எரிச்சல், பாட்டிக்கோ ஆனந்தம்! அளந்து பார்க்க முடியாத ஒரு சொல்லை வைத்து ஆளை ஜெயிலில் போடலாமா?

இதைத்தான் ஸ்ரேயா சிங்கால் என்ற 21 வயதுப் பெண் உச்ச நீதிமன்றத்தில் போய்க் கேட்டார். 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் 66ஏ பிரிவையே ரத்து செய்தார்கள்.

அந்தத் தீர்ப்பில் ஓர் அழகான பாகுபாடு இருக்கிறது. நம் பாணியில் சொல்லிப் பார்ப்போமா? உங்கள் பள்ளியில் விளையாட்டு மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். ‘பூட்டியது தப்பு’ என்பது கருத்து. ‘எல்லாரும் சேர்ந்து திறக்கச் சொல்லிக் கேட்போம்’ என்பது ஆதரவு திரட்டுவது. ‘வாங்கடா, இப்பவே பூட்டை உடைக்கலாம்’ என்பது தூண்டிவிடுவது. முதல் இரண்டும் எத்தனை பேருக்குப் பிடிக்காவிட்டாலும் தடுக்கக் கூடாது. மூன்றாவதில்தான் சட்டம் குறுக்கே வரலாம் என்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால், செத்துப்போன 66ஏ பிரிவில் போலீஸார் அதற்குப் பிறகும் வழக்குப் போட்டார்கள்! 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அதே தீர்ப்பு 69ஏ என்ற பிரிவைத் தொடவில்லை. நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக இணையத்தில் ஒன்றை அரசு முடக்கலாம் என்பது அது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகள் முடங்கியது இதன்படிதான். அதையாவது ஊரறிய அறிவித்தார்கள். இந்தப் பிரிவின் விதிப்படி, முடக்கச் சொல்லி வரும் புகார்களும் அதன்மேல் எடுக்கும் நடவடிக்கையும் ரகசியம். இது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. காரணம் தெரியாமல் எப்படி எதிர்த்து வழக்காடுவது?

‘பெயரை மறைத்து எழுதினால் தப்பிக்கலாமே!’ என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. இணையத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. போன் நம்பர், ஐ.பி. முகவரி என்று ஏதாவது தடம் பெரும்பாலும் இருக்கும். பெயரை மறைப்பதே தப்பா என்றால், இல்லை. முகம் காட்டாமல் வகுப்புத் தோழியைக் கேலி செய்து அழவைப்பவரையும், ஒரு முறைகேட்டைச் சொல்லிவிட்டுப் பயத்தில் பெயரை மறைப்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா?

நம் பாரதியாரே காளிதாசன், ஷெல்லிதாசன் என்றெல்லாம் புனைபெயர் வைத்தவர்தான். ‘இந்தியா’ இதழில் ஆங்கில ஆட்சியைக் காரசாரமாக விமர்சித்தார். ஆனால் இதழின் ஆசிரியர் என்று அரசாங்கப் பதிவில் இருந்தது சீனிவாசன் என்பவரின் பெயர். 1908இல் கைதாகிச் சிறைக்குப் போனவரும் அவர்தான். பாரதியார் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து இதழை நடத்தினார். பேச இடம் தந்த அந்தப் புதுச்சேரியில்தான், 16 பேர் படித்த ட்வீட்டுக்காக 2012இல் ஒருவரைக் கைது செய்தார்கள்!