குடற் சத்திரசிகிச்சையும் ஸ்டீரொயிட் மருந்தும்: புண் ஆறுதல் பற்றிய ஒரு விளக்கம்

மருந்தொன்றின் நன்மையையும் தீமையையும் இரு வேறு பட்டியல்களாக நோக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஸ்டீரொயிட் மருந்தைப் பொறுத்தவரை அந்நோக்குப் போதாது. அது குடல் நோயைத் தணிப்பதற்கும், சத்திரசிகிச்சையின் பின் புண் ஆறுவதைத் தாமதப்படுத்துவதற்கும் காரணமாயமைவது ஒரே செயற்பாடேயாகும்.

1948 இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹெஞ்ச் குழுவினர் கோட்டிசோனை முதன்முதலாக மூட்டுவாத நோயாளியொருவருக்கு அளித்தனர். பெருங்குடற் புண்ணழற்சியிலும் அது பயன்தருவதை, ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் ஆகியோர் 1955 இல் ஒப்பீட்டு ஆய்வொன்றின் மூலம் நிறுவினர். மருந்துக்கு அடங்காத குடலை வெட்டி நீக்கவேண்டி வரும்போது, நோயாளர் பலர் இம்மருந்தை உட்கொண்டுவரும் நிலையிலேயே சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வருகின்றனர்.

அழற்சி என்னுஞ் சொல் அழல் என்பதன் அடியாகப் பிறந்தது. எனினும் அது வெறும் அழிவன்று. வெட்டுண்ட குடலின் இரு முனைகளையும் தைத்த பின்னர், வெண்குருதிக் கலங்கள் அவ்விடத்தை அடைந்து துப்புரவு செய்கின்றன; அவற்றைத் தொடர்ந்து நார்க்கலங்கள் கொலாஜன் என்னும் புரதத்தை உற்பத்தி செய்கின்றன. முதற் சில நாட்களில் பழைய கொலாஜன் சிதைவதால் இணைப்பின் வலிமை குன்றும். புதியது உருவாகும்போதே அது மீளும். அவ்விடைக்காலத்தில் இணைப்பைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் தையலே. ஸ்டீரொயிட் இவ்விரு கட்டங்களையும் மந்தமாக்குவதால் இடைக்காலம் நீள்கிறது. இணைப்புக் கசிந்து மலம் வயிற்றறையுட் புகுமாயின் உயிராபத்து நேரலாம்.

இதனினும் பாரதூரமானது, ஆபத்தின் குறிகளையே அம்மருந்து மறைத்துவிடுவதாகும். காய்ச்சலும் வலியும் வயிற்றுத் தசையின் இறுக்கமும் உடல் எழுப்பும் முறைப்பாடுகள். முறைப்பாட்டை அடக்கிவிட்டு அமைதி நிலவுகிறதெனக் கொள்வது அரசியலில் மட்டும் நிகழும் தவறன்று.

அவ்வாறாயின் முன்னரே மருந்தை நிறுத்திவிடலாகாதா? நீண்டகாலம் இம்மருந்தைப் பெற்றுவந்த உடலில் அதிரீனற் சுரப்பி தன் தொழிலிற் குன்றியிருக்கும். திடீரென நிறுத்தினால், சத்திரசிகிச்சையின் தாக்கத்தின்போது குருதியமுக்கம் வீழ்ந்து மரணமும் சம்பவிக்கலாம். எனவே அவகாசமுள்ளவிடத்து வைத்தியர் அளவைப் படிப்படியாகக் குறைப்பர். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட பிரெட்னிசொலோனை 6 வாரங்களுக்கு மேல் உட்கொண்டவரிடத்து ஆபத்து கூடுதலெனக் கொள்ளப்படுகிறது. அவகாசமில்லாதவிடத்து, குடலை உடனே இணையாது வயிற்றில் தற்காலிகத் துவாரமொன்றை அமைத்து மலத்தை அவ்வழியே வெளியேற்றுவதும் உண்டு.

இத்துவாரத்தைச் சிகிச்சையின் தோல்வியாகக் கருதி மனமுடையும் நோயாளர் உளர். அதன் காரணத்தை அவர்தம் மொழியில் விளக்குவதும், அவர் உட்கொண்ட மாத்திரையையும் அளவையும் காலத்தையும் பொறுமையாகக் கேட்டறிவதும் சிகிச்சைக்குப் புறம்பான உபசாரங்களல்ல. தொய்வுக்காகவோ மூட்டுவாதத்துக்காகவோ வேறோரிடத்திற் பெற்ற மாத்திரையும் இக்கணக்கிற் சேரும். பெயரறியாதவர் அதன் வெற்றுறையையேனும் கொண்டுவருதல் வேண்டும்.