சுவர் சும்மா இல்ல பாஸ்!

பாக்ஸ்ல இருக்கிற 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலை டேபிள் மேல செங்குத்தா நிறுத்தி, மேலேருந்து அழுத்துங்க. சட்டுனு வில்லா வளையுதா? இப்போ பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்டை அதோட நடுவுல ரெண்டு விரலால பிடிச்சுக்கச் சொல்லுங்க. அதே ஸ்கேல் கிட்டத்தட்ட நாலு மடங்கு பாரம் தாங்கும்! இந்த வளைவுக்குப் பேர் பக்லிங். பிடிமானம் இல்லாத நீளம் பாதியானா தாங்குற பாரம் நாலு மடங்குங்கிறது, 1744-ல ஆய்லர் போட்ட கணக்கு.

கிட்டத்தட்ட 1 மி.மீ. தகட்டை சூடு பண்ணாம, ரோலர்ல 'சி' எழுத்து மாதிரி மடிச்சா ஸ்டட் ரெடி. வரிசையா நிறுத்தி, ரெண்டு பக்கமும் போர்டு வெச்சு ஸ்க்ரூ பண்ணினா சுவர். திரிபுராவின் அகர்தலாவுல, 2021 ஜனவரி 1-ல அடிக்கல் நாட்டின 1,000 வீடுகள் திட்டத்துக்கு இந்த மாதிரி மெல்லிய ஸ்டீல் சுவர்தான். அங்கே பாரத்தைத் தாங்க தனியா பெரிய ஸ்டீல் ஃப்ரேம் உண்டு. ஸ்டட்டே கூரையைத் தாங்கற வீட்டுலதான் விஷயமே இருக்கு.

அங்கே போர்டு வெறும் அழகுக்கு இல்ல. அதுதான் ஃப்ரெண்டோட விரல்! 1947-லயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் வின்டர் குழு இதை ஆராய்ஞ்சு எழுதிடுச்சு. 3 மீட்டர் ஸ்டட்டுல 30 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூன்னு வைங்க. ஒண்ணு பிடிக்காமப் போனாலும் போகலாம்னு, நீளத்தை 60 செ.மீ.யா எடுத்துக்குவாங்க. ஆய்லர் கணக்குல 25 மடங்கு! நிஜத்துல அவ்வளவு வராது. அதுக்குள்ள தகடு அங்கங்கே நெளியும். இல்லேன்னா போர்டு தடுக்காத திசையில வளையும். ஆனாலும் லாபம் பெருசுதான்.

இப்போ குற்றாலத்துக்கு வாங்க. ஜூன்ல சாரல் ஆரம்பிச்சா தென்காசி வரைக்கும் காத்துல ஈரம். சாதா ஜிப்சம் போர்டு ஊறிப்போனா ஸ்க்ரூவைச் சுத்திப் பிய்ஞ்சுடும். துத்தநாகப் பூச்சு இருக்கிற ஸ்டட் துருப்பிடிக்காம நிக்கும். ஆனா விரல் போயிடுச்சே!

அதனால இங்கே யாராவது லாட்ஜ் மாடியில இப்படி ரூம் எடுத்தா, மூணு கேள்வி கேளுங்க. ஈரம் தாங்கற போர்டா? போர்டும் பாரத்துல பங்கு எடுக்குதுன்னு டிராயிங்ல எழுதியிருக்கா? போர்டு இல்லேன்னா ஸ்டட் தனியா எவ்வளவு தாங்கும்? இந்தக் கடைசிக் கணக்கையும் போட்டே ஆகணும்னு அமெரிக்க விதியே சொல்லுது.

நாளைக்கு ஏ.சி. மாட்டவோ, ஜன்னல் வைக்கவோ போர்டைக் கழட்டப் போறவர் கார்பென்டர். கழட்டலாமா, கூடாதான்னு சொல்ல வேண்டியது... சிவில் படிக்கிற நீங்கதான்!