இரைச்சலை அளக்கும் கருவிக்கும் இரைச்சல் உண்டு

கோபியிலிருந்து சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி ஏறினால், முத்தொரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கும். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அமைத்தது. 1970 முதல் இயங்குகிறது. அதிலுள்ள 1056 டைபோல் ஆன்டெனாக்களுக்கும் 1990களின் தொடக்கத்தில் ஆளுக்கொரு ஆம்ப்ளிஃபையர் பொருத்தினார்கள். கேபிளில் போகப்போக சிக்னல் தேயும். தேய்ந்த பிறகு எவ்வளவு பெருக்கினாலும் இரைச்சலும் கூடவே பெருகும். அதனால் தேயுமுன்பே பெருக்க வேண்டும்; அந்த முதல் ஆம்ப்ளிஃபையரும் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்காமல் சுத்தமாக இருந்தாக வேண்டும்.

சுத்தம் என்பதை எப்படி அளப்பது?

மின்தடை சும்மா கிடந்தாலும் அதன் வெப்பமே இரைச்சல் எழுப்பும் என்பதை இயற்பியலாளர்கள் ஜான்சனும் நைக்விஸ்ட்டும் 1928இல் காட்டினார்கள். அறை வெப்பத்தில் 1000 ஓம் மின்தடை, 100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் சுமார் 40 மைக்ரோவோல்ட் தரும். அகலம் நூறு மடங்கானால் இரைச்சல் பத்து மடங்காகும். அகலம் அதிகம் வேண்டிய வேகமான ஆம்ப்ளிஃபையருக்கு இதிலிருந்து தப்பவே வழியில்லை. அகலத்தைச் சொல்லாமல் இரைச்சலை மட்டும் சொல்லும் விளம்பரத்தை நான் நம்புவதில்லை.

அடுத்த சிக்கல், சிக்னலை அளக்கும் கருவியான ஆசிலோஸ்கோப். அதற்கும் சொந்த இரைச்சல் உண்டு. ஆம்ப்ளிஃபையரின் உள்வாயை 50 ஓம் மின்தடையால் அடைத்துவிட்டு வெளிவாயை அளக்கிறோம்: 500 மைக்ரோவோல்ட். ஆசிலோஸ்கோப் மட்டும் தனியே 400 காட்டுகிறது. மஞ்சள் மண்டியில் சாக்கு எடையைக் கழிக்கிற மாதிரி கழித்து 100 என்று எழுதினால் தப்பு. தொடர்பில்லாத இரைச்சல்களில் வர்க்கத்தைத்தான் கழிக்க வேண்டும், விடை 300. ஆசிலோஸ்கோப்புக்கு முன்னால் இன்னொரு நல்ல ஆம்ப்ளிஃபையரை வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

ரேடியோ வானியலார் விரும்புவது வேறு வழி. உள்வாயில் மாட்டும் மின்தடையை ஒருமுறை அறை வெப்பத்திலும் (300 கெல்வின்), மறுமுறை திரவ நைட்ரஜனில் தோய்த்தும் (77 கெல்வின்) வைத்து, வெளிவரும் திறனை ஒப்பிடுவார்கள். விகிதம் இரண்டு என்றால், ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல் வெப்பநிலை (அதே அளவு இரைச்சல் தரும் மின்தடையின் வெப்பநிலை) 146 கெல்வின். எத்தனை மடங்கு பெருக்குகிறது, அகலம் எவ்வளவு என்ற கணக்கே தேவையில்லை. விகிதத்தில் இரண்டும் அடிபட்டுப் போகும். விகிதம் கூடக்கூட ஆம்ப்ளிஃபையர் நல்லது.

எந்த வழியில் அளந்தாலும் ஆம்ப்ளிஃபையரைத் தகரப் பெட்டிக்குள் மூடி, மேசையிலுள்ள எல்இடி விளக்கை அணைத்து, செல்போனை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.