பாசிக்கு எவ்வளவு ஷார்ப்னஸ் போதும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுக்கப்பட்டது.)

இன்னிக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு விஷயம்தான். லைட்ரூம்ல 'ஷார்ப்னிங்'னு ஒரு ஸ்லைடர் இருக்குமே, அது. அதுல பேச என்ன இருக்குன்னு நீங்க கேக்கலாம். அந்த ஸ்லைடரால என் பாட்டி முன்னாடி நான் அசடு வழிஞ்ச கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பாட்டி வால்பாறையில ஒரு எஸ்டேட்ல முப்பது வருஷத்துக்கு மேல கொழுந்து பறிச்சவங்க. இப்போ பொள்ளாச்சியில மாமா வீட்டுல இருக்காங்க. முழங்கால் வலி. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போறது இனிமே நடக்காத காரியம். சரி, காட்டையே வீட்டுக்குக் கொண்டு போவோம்னு ஒரு ஆடி மாசம் கிளம்பிப் போய்ப் படம் எடுத்தேன். ஓடையோரம் ஒரு பெரிய மரம். வேர்ல இருந்து கிளை வரைக்கும் பாசி. பின்னாடி மூடுபனி. அதை 20-க்கு 30 இன்ச்ல பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் பண்ணிக் கொண்டு போய்க் கொடுத்தேன்.

பாட்டி கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "நல்லாத்தான் இருக்கு கண்ணு. சித்திரையில போனியா? பாசியெல்லாம் காஞ்சு கெடக்கே."

"இல்ல பாட்டி, ஆடி. அன்னிக்கு மழை விடவே இல்ல. அட்டை கடிச்ச தழும்புகூட இருக்கு."

"அப்படியா" என்று மட்டும் சொன்னாங்க. அதுக்கு மேல அந்தப் படத்தைப் பத்திப் பேசல.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஃபோட்டோகிராஃபி பத்திப் பாட்டிக்கு என்ன தெரியும்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்து பாத்தப்போதான் புரிஞ்சது. அவங்க சொன்னது சரி. பருவத்தை மாத்தினது நான்.

காய்ந்த பாசி, நனைந்த பாசி

முதல்ல பாசி. நான் சொல்றது குளத்துப் பாசி இல்லை. மரத்துலயும் பாறையிலயும் மெத்தை மாதிரி வளருமே, அந்தப் பாசி. மத்த செடிகள் மாதிரி மண்ணிலிருந்து தண்ணியை உறிஞ்சி மேலே ஏத்துற வேர் இதுக்குக் கிடையாது. மழை, மூடுபனி எது கிடைச்சாலும் பெரும்பாலும் உடம்பு மேலேயே வாங்கிக்கும். பெரும்பாலான பாசிகளோட இலை ஒரே ஒரு செல் கனம்தான். அதனால நனைஞ்சா உடனே விரியும், காஞ்சா உடனே சுருளும்.

நனைஞ்ச பாசியைப் பாத்தீங்கன்னா உப்பலா, மெத்துன்னு இருக்கும். ஓரம் எங்கே முடியுதுன்னே தெரியாது. ஒளி அந்த மெல்லிய இலைக்குள்ள புகுந்து வர்றதால, உள்ளேயே விளக்கு எரியிற மாதிரி ஒரு பச்சை. காஞ்ச பாசி நேர் எதிர். இலை தண்டோட ஒட்டிச் சுருண்டு, நிறம் வெளுத்து, கம்பி கம்பியா நிக்கும்.

இப்போ ஷார்ப்னிங் என்ன பண்ணுதுன்னு பாருங்க. நான் ஏன் அசடு வழிஞ்சேன்னு புரிஞ்சிடும்.

செம்மண் கோலம்

நிறைய பேர் நினைக்கிறது, ஷார்ப்னிங் போட்டா படத்துல இல்லாத டீட்டெயில் புதுசா வரும்னு. வராது. வாசல்ல அரிசி மாவுக் கோலம் போட்டு, சுத்திச் செம்மண் பூசுவாங்க இல்லையா? செம்மண் பூசினதும் வெள்ளைக் கோடு பளிச்சுன்னு தெரியும். கோலத்துல ஒரு புள்ளிகூடக் கூடல, மாவு அதிக வெள்ளையாகவும் ஆகல. பக்கத்துல இருக்கிற நிறம் அடர்த்தியானதால அப்படித் தெரியுது.

ஷார்ப்னிங்கும் அதைத்தான் செய்யுது. இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற ஓரத்தைக் கண்டுபிடிச்சு, இருட்டுப் பக்கத்தை இன்னும் இருட்டாக்கும், வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளுப்பாக்கும். இதோட பழைய பேர் 'அன்ஷார்ப் மாஸ்க்'. ஃபிலிம் காலத்து டெக்னிக். நெகட்டிவ்ல இருந்து வேணும்னே கலங்கலா ஒரு பிரதி எடுத்து, ரெண்டையும் சேர்த்து வெச்சு பிரிண்ட் போடுவாங்க. கலங்கலான பிரதியை வெச்சு வேலை நடக்கறதாலதான் பேர்ல 'அன்ஷார்ப்'.

கோபுரத்தையோ கட்டடத்தையோ படம் எடுத்தா ஓரங்கள் கொஞ்சம்தான். ஓரம் கட்டினா அழகா இருக்கும். பாசி அப்படி இல்லை. உள்ளங்கை அளவு இடத்துல ஆயிரக்கணக்கான ஓரங்கள். கோலத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியா செம்மண் பூசினா எப்படி இருக்கும்? கோலமே தெரியாது, செம்மண்தான் தெரியும். என் பிரிண்ட்ல நடந்தது அதுதான். ஒவ்வொரு இலை நுனியிலும் மெல்லிசா ஒரு வெள்ளை ஓரம். அதாவது வெளுத்து, கம்பி கம்பியா நிக்கிற பாசி. முப்பது வருஷம் அந்தக் காட்டோரத்துல வேலை செஞ்சவங்க கண்ணுக்கு அது சித்திரை மாசம்.

அப்போ ஜீரோ வெச்சுடலாமா?

நானும் அப்படித்தான் அடுத்த எல்லைக்குப் போனேன். ஸ்லைடரை ஜீரோவுக்குத் தள்ளினேன். படம் பாத்ரூம் கண்ணாடி வழியா பாத்த மாதிரி ஆயிடுச்சு. அதுவும் பொய்தான். நேர்ல அந்தப் பாசிகிட்ட குனிஞ்சு பாத்தா ஒவ்வொரு இலையும் தெரியும்.

ரா ஃபைலுக்குக் கொஞ்சம் ஷார்ப்னிங் கட்டாயம் தேவை. காரணம் சென்சார். கோடாக்ல வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவருக்கு 1976-ல் ஒரு ஃபில்டர் அமைப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. இன்னிக்கும் பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு பிக்ஸலும் சிவப்பு, பச்சை, நீலம் இந்த மூணுல ஒண்ணை மட்டும்தான் பதிவு செய்யும். நாலு பிக்ஸல்ல ரெண்டு பச்சை. மீதி நிறங்களைப் பக்கத்து பிக்ஸலைப் பாத்துக் கணக்குப் போட்டு நிரப்பணும். அந்தக் கணக்குல ஓரங்கள் கொஞ்சம் மழுங்கிடும். மழுங்கினதைத் திரும்பக் கொண்டு வர்றதுதான் முதல் ஷார்ப்னிங்.

இந்த வேலையை மூணு கட்டமா பிரிச்சு எழுதினவர் புரூஸ் ஃப்ரேசர். முதல் கட்டம், கேமரா மழுக்கினதை ஈடுகட்ட. ரெண்டாவது, படத்துல கண்ணு எங்கே போகணுமோ அங்கே மட்டும். மூணாவது, படம் எங்கே போகப்போகுதோ அதுக்கு ஏத்த மாதிரி, அதாவது ஸ்க்ரீனா, பளபளப்பான பேப்பரா, மேட் பேப்பரா. நான் செஞ்ச தப்பு, மூணு கட்டத்தையும் ஒரே ஸ்லைடர்ல, மொத்தப் படத்துக்கும், லேப்டாப்ல 100 சதவீதம் ஜூம் பண்ணி வெச்சுக்கிட்டுச் செஞ்சது.

நாலு ஸ்லைடர்

லைட்ரூம்ல ஷார்ப்னிங்குக்குக் கீழே நாலு இருக்கும். அமௌண்ட், எவ்வளவு அழுத்தமா ஓரம் கட்டணும்னு சொல்றது. ரா ஃபைலுக்கு வழக்கமா 40-ல் நிக்கும். பாசிக்கு நான் அதைத் தாண்டிப் போறதே அபூர்வம்.

ரேடியஸ், ஓரம் எவ்வளவு அகலம்னு சொல்றது. வழக்கமா 1.0. பாசி ரொம்பப் பொடியான விஷயம். அகலமான ஓரம் பக்கத்து இலை மேல ஏறிடும். நான் 0.7 பக்கம் வைக்கிறேன்.

டீட்டெயில், வழக்கமா 25. இதை ஏத்தினா பொடிப்பொடி டெக்ஸ்சர் எல்லாம் தூக்கும், கூடவே நாய்ஸும் வரும். மழைக்காட்டுல வெளிச்சம் கம்மி, ஐஎஸ்ஓ ஏத்தித்தான் எடுத்திருப்பீங்க. அதனால நான் 15-க்கு இறக்குறேன்.

நாலாவது மாஸ்கிங். இது வழக்கமா ஜீரோவுல இருக்கும், பல பேர் தொடறதே இல்லை. ஆல்ட் கீயை அழுத்திக்கிட்டே, மேக்கா இருந்தா ஆப்ஷன் கீயை அழுத்திக்கிட்டே, இந்த ஸ்லைடரை நகர்த்துங்க. படம் கறுப்பு வெள்ளையா மாறும். வெள்ளையா தெரியிற இடத்துல மட்டும் ஷார்ப்னிங் விழும். மூடுபனியும் ஓடைத் தண்ணியும் கறுப்பாகுற வரைக்கும் தள்ளுங்க. எனக்கு 50, 60-ல் அது நடக்குது. மூடுபனியை ஷார்ப் பண்ண எந்தக் காரணமும் இல்லை. பண்ணினா மணல் தூவின மாதிரி ஆயிடும்.

அதுக்கு அப்புறம் பிரஷ் எடுத்து ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுப்பேன். பெரும்பாலும் பக்கத்துல இருக்கிற வேர், இல்லைன்னா பாறையோட விளிம்பு. பட்டைக்கும் பாறைக்கும் நிஜமாவே ஓரம் உண்டு. அதுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தா, பக்கத்துல இருக்கிற பாசி தானாவே மெத்துன்னு தெரியும்.

கடைசி கட்டத்துல மறக்கக் கூடாதது: முதல்ல அளவைச் சின்னதாக்குங்க, அப்புறம் கடைசி ஷார்ப்னிங். மேட் பேப்பர்ல மை கொஞ்சம் பரவும், அதுக்கு ஸ்க்ரீனைவிடச் சிறிது கூடுதலா வேணும். சோஷியல் மீடியாவுல போட்டா அங்கே மறுபடி கம்ப்ரெஸ் ஆகும். அளவுக்கு மீறி ஓரம் கட்டின பாசி அதுல கட்டம் கட்டமா உடையும்.

ஃபோன்ல எடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண மோடுல ஃபோன் படத்தைச் சேமிக்கும்போதே நாய்ஸைத் துடைச்சு, ஷார்ப்னிங்கும் போட்டுத்தான் கொடுக்குது. அதுக்கு மேல இன்னொரு தடவை ஏத்தாதீங்க.

காட்டுலேயே முடிய வேண்டியது

உண்மையைச் சொன்னா, பாதி வேலை ஸ்லைடர்ல இல்லை. ட்ரைபாட் வைங்க, 2 செகண்ட் டைமர் போடுங்க. காத்து நிக்கிற வரைக்கும் காத்திருங்க. பெரணி ஆடினா எந்த ஸ்லைடரும் காப்பாத்தாது. எல்லாமே ஃபோகஸ்ல வரணும்னு அப்பர்ச்சரை எஃப் 22 வரைக்கும் கொண்டு போகாதீங்க. அவ்வளவு சின்ன ஓட்டையில நுழையும்போது ஒளி சிதறி மொத்தப் படமும் மழுங்கும். எஃப் 8, எஃப் 11 போதும்.

போலரைசர் இருந்தா பாதி திருப்புங்க. முழுசா திருப்பினா ஈர இலையோட மினுமினுப்பு மொத்தமா போயிடும். மழை பெஞ்சிருக்குன்னு படத்துல சொல்றதே அந்த மினுமினுப்புதானே.

இன்னொண்ணு. நல்ல ஆங்கிளுக்காகப் பாசி மேல ஏறி நிக்காதீங்க. அது பாறையிலிருந்து பெயர்ந்தா மறுபடி வளர வருஷக்கணக்காகும். வால்பாறையைச் சுத்தி ஆனைமலை புலிகள் காப்பகம். அனுமதி இல்லாம காட்டுக்குள்ள இறங்கக் கூடாது. பாட்டிக்கு எடுத்த படம்கூட ரோட்டோரத்துல நின்னு எடுத்ததுதான்.

ரெண்டாவது பிரிண்ட்

அதே ஃபைலை முதல்ல இருந்து மறுபடி செஞ்சேன். இந்தத் தடவை ஜூம் பண்ணாம, ரூமோட அந்தப் பக்கம் போய் நின்னு பாத்து முடிவு பண்ணினேன். பாட்டி வீட்டுச் சுவருக்கும் அவங்க கட்டிலுக்கும் அவ்வளவு தூரம்தான் இருக்கும்.

ஷார்ப்னிங் எவ்வளவுன்னு யாராவது கேட்டா இப்போ நான் நம்பர்ல ஆரம்பிக்கறதில்லை. அன்னிக்கு அங்கே மழை பெஞ்சுதா, நீங்க எவ்வளவு பக்கத்துல நின்னீங்க, யார் எங்கே இருந்து பாக்கப் போறாங்க, இதைத்தான் திருப்பிக் கேக்கறேன்.

புதுசை மாட்டிட்டு ஒண்ணும் சொல்லாம உக்காந்தேன். பாட்டி பாத்தாங்க. "இது சின்னக்கல்லாறு போற வழிதானே? அந்த ஓடையில இப்போ தண்ணி நிறைய வருமே" என்றார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் அந்த ஓடையைப் பத்தித்தான் பேச்சு.

உங்ககிட்ட பழைய காட்டுப் படம் ஏதாவது இருந்தா இன்னிக்கு ராத்திரி திறந்து பாருங்க. அது எந்த மாசம்னு அந்த ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.