கார்பன் இழை ராக்கெட்டும் நியூசிலாந்தின் விண்வெளிப் பாதையும்

சுமார் 50 லட்சம் மக்களே வாழும் நியூசிலாந்தின் மாஹியா தீபகற்பத்திலிருந்து 2018 ஜனவரி 21ஆம் தேதி ஏவப்பட்ட எலக்ட்ரான் ராக்கெட் செயற்கைக்கோள்களைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அதன் உடற்பகுதி அலுமினியத்தால் அல்லாமல் கார்பன் இழையால் ஆனது.

இதைத் தயாரிக்கும் ராக்கெட் லேப் நிறுவனத்தை பீட்டர் பெக் 2006ஆம் ஆண்டு நியூசிலாந்தில் தொடங்கினார். தெற்காசியக் குடியேறிகள் கணிசமாக வாழும் லின்ஃபீல்ட் ஆக்லாந்து நகரின் தென்மேற்கே உள்ளது. நிறுவனத்தின் தொழிற்கூடம் அதே நகரின் கிழக்கே மவுண்ட் வெலிங்டனில் இயங்குகிறது. இந்நகரின் பாய்மரப் படகுத் தொழிலுக்கு கார்பன் இழை ஏற்கெனவே பழக்கமான பொருள்.

மெல்லிய கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் படியவைத்து, சூடேற்றி இறுக வைக்கிறார்கள். இப்பொருளின் அடர்த்தி அலுமினியத்தின் அடர்த்தியில் ஏறத்தாழ அறுபது சதவீதம். ராக்கெட்டின் இறுதிக் கட்டத்தில் ஒரு கிலோ எடை குறைந்தால், கூடுதலாக ஒரு கிலோ செயற்கைக்கோளை ஏற்றலாம். சுமார் 300 கிலோ மட்டுமே சுமக்கும் எலக்ட்ரானுக்கு இது பெரும் ஆதாயம்.

ஆனால் கடுங்குளிரில் இழையும் பிசினும் வெவ்வேறு அளவில் சுருங்குகின்றன. அதனால் உண்டாகும் நுண்விரிசல்கள் வழியே எரிபொருள் கசியலாம். அமெரிக்காவின் எக்ஸ்-33 விண்கலத்துக்கான திரவ ஹைட்ரஜன் கலன் 1999 நவம்பரில் சோதனையின்போது சேதமடைந்தது. 2001இல் அத்திட்டமே கைவிடப்பட்டது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனமும் தனது ஸ்டார்ஷிப் கலத்துக்குத் திட்டமிட்டிருந்த கார்பன் இழையைக் கைவிட்டு, துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியது.

இதில் அரசியலும் உண்டு. இத்தகைய பொருட்கள் ஏவுகணைகளுக்கும் பயன்படுவதால், அவற்றின் ஏற்றுமதியை ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பின் விதிகள் மட்டுப்படுத்துகின்றன. அமெரிக்கத் தொழில்நுட்பத்தைப் பாதுகாப்பதாக உறுதியளிக்கும் ஒப்பந்தத்தில் 2016இல் கையெழுத்திட்ட பின்னரே நியூசிலாந்து மண்ணிலிருந்து எலக்ட்ரான் ஏவப்பட்டது. அந்தக் கட்டுப்பாட்டு அமைப்பில் இந்தியா உறுப்பினரானதும் அதே ஆண்டில்தான்.

தமிழகத்திலும் இத்துறை வளர்கிறது. சென்னையின் அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினுடன் 2024 மே 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட்டை ஏவியது. குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் அமைக்க அதே ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஏவுதளத்துக்கு நிலமும் கடற்கரையும் போதும். ராக்கெட்டுக்கோ, பொருளைக் கையாளத் தெரிந்த கைகள் வேண்டும். ஆக்லாந்துக்கு அவற்றைப் படகுத் தொழில் தந்தது. தமிழகத்தின் தொழிற்கூடங்கள் அந்தத் திறனை எவ்வளவு விரைவில் பெறுகின்றன என்பதைப் பொறுத்தே குலசேகரப்பட்டினத்தின் பயன் அமையும்.