கருவறையின் கடல்கட்டி

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மன்னார் வளைகுடாக் கரையில் ‘கடல்கட்டி’ என்று ஒருவர் இருந்தார். அவர் கடலுக்குள் இறங்குவதில்லை. மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவதுதான் அவர் வேலை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ இப்படிப்பட்டவர்களைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார். பின்னால் வந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மந்திரத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கூலி கொடுத்துக் கடல்கட்டியை வைத்துக்கொள்ளத்தான் செய்தார்கள். அவர் இல்லாமல் ஒரு குளியாளும் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, குளியாளின் பயத்தைக் கட்டியது. பயந்தவனால் மூச்சடக்க முடியாது. நெஞ்சு படபடத்தால் உள்ளே இருக்கும் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சுக்குள் கடலடிப் பாறைத்திட்டு வரை இறங்கி, சிப்பி பொறுக்கி, மேலே வரவேண்டியவனுக்கு முதல் மூலதனம் அமைதிதான்.

அந்த அமைதிக்குப் படைத்தவன் உடம்புக்குள்ளேயே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறான். முகம் தண்ணீரில் பட்டு மூச்சு நின்ற உடனே இதயத் துடிப்பு தானாகக் குறைகிறது. கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் திரும்புகிறது. மண்ணீரல் தன்னிடம் சேர்த்து வைத்த சிவப்பணுக்களை வெளியே தள்ளுகிறது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பச்சிளம் குழந்தையிடம்கூட இந்த அனிச்சைச் செயல் இருக்கிறது.

நம் கரையில் முத்துக்குளிப்பு ஆண்களின் தொழில். கொரியாவின் ஜெஜு தீவில் கதை வேறு. அங்கே மூச்சடக்கிக் கடலில் இறங்குகிறவர்கள் பெண்கள். ஹேன்யோ என்று பெயர். 2016-இல் யுனெஸ்கோ அவர்களின் மரபைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் அவர்கள் கடலுக்குப் போவதுண்டு. 2025-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, ரத்த அழுத்தத்தைத் தணிவாக வைக்கும் மரபுக்கூறு ஒன்று அந்தத் தீவு மக்களிடம் அதிகம் இருப்பதைக் கண்டது. கர்ப்பகால ரத்தக் கொதிப்பிலிருந்து தாயைக் காக்கத்தான் இது தலைமுறை தலைமுறையாகத் தேறி வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. திரேஸ்புரத்துச் சங்குகுளிப்பவர்கள் இன்றும் இறங்குகிறார்கள். விசைப்படகு போகிறது, துறைமுகத்தில் பெட்டக லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன, உப்பளத்தில் பெண்கள் வெயிலில் உப்பு வாருகிறார்கள். தொழில் மாறினாலும் வீட்டில் காத்திருக்கிறவளின் கவலை மாறவில்லை. அவள் பிள்ளைத்தாச்சியாகவும் இருந்துவிட்டால் கவலை இரண்டு மடங்கு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, நிறைமாத வயிற்றோடு மாடியில் நின்று தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

தாயின் வயிற்றில் பிள்ளை, சிப்பிக்குள் முத்து என்று மேடைகளில் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சிப்பி தனக்குள் நுழைந்த அந்நியப் பொருளைப் பொறுக்கமாட்டாமல், அதன்மேல் படலம் படலமாகப் பூசி அடைத்துவிடுகிறது. முத்து என்பது ஓர் அடைப்பு. தாயின் உடம்போ பாதி அந்நியமான ஓர் உயிரை, தகப்பன் வழி மரபணுக்களோடு, உள்ளே வரவேற்று ஊட்டி வளர்க்கிறது. இரண்டும் அதிசயம்தான். ஆனால் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

அந்த வரவேற்பு நடக்கிற இடம் நஞ்சுக்கொடி. நிறைமாதத்தில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடை. அதன் நுண்விரல்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் 12 சதுர மீட்டர், ஒரு சிறிய அறையின் தரை. நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் தாயின் ரத்தம் அங்கே வந்து போகிறது. ஆனால் தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் பொதுவாகக் கலப்பதில்லை. நடுவில் ஒரு மெல்லிய சுவர். அந்தச் சுவர் வழியே பிள்ளைக்கு உணவும் பிராணவாயுவும் போகின்றன, கழிவு திரும்புகிறது. தாயின் மூச்சும் அதற்கேற்ப மாறுகிறது. புரோஜெஸ்ட்ரோன் சுரப்பு மூளையைத் தூண்ட, ஒவ்வொரு மூச்சும் முன்னைவிட ஆழமாகிறது. ‘படி ஏறினா இளைக்குது’ என்று கர்ப்பிணிகள் சொல்வது பெரும்பாலும் இந்த ஏற்பாட்டின் அடையாளம்.

எல்லாவற்றிலும் என்னை வியக்க வைப்பது அந்தச் சுவரில் நிற்கும் காவல். நாம் பயப்படும்போது, கவலைப்படும்போது, கார்டிசால் என்ற சுரப்பு ரத்தத்தில் ஏறுகிறது. அது அப்படியே பிள்ளைக்குப் போய்விட்டால் வளர்ச்சி தடுமாறும். போகாதபடி நஞ்சுக்கொடியில் ஒரு நொதி நிற்கிறது. 11-பீட்டா-எச்.எஸ்.டி-2 என்று விஞ்ஞானிகள் வாய்க்கு வராத பெயர் வைத்திருக்கிறார்கள். வருகிற கார்டிசாலைப் பிடித்து, வேகமில்லாத கார்ட்டிசோனாக மாற்றிப் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. சுமார் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் பிள்ளையை எட்டுகிறது. சுறாவின் வாயைக் கட்டுகிற கடல்கட்டியைக் கருவறைக்குள்ளேயே நிறுத்தி வைத்திருக்கிறது படைப்பு. அதைவிட நுட்பம் ஒன்று உண்டு. பிரசவம் நெருங்கும்போது இந்தக் காவல் கொஞ்சம் தளர்கிறது. அப்போது உள்ளே கூடுகிற அதே கார்டிசால்தான் பிள்ளையின் நுரையீரலை, வெளிக்காற்றை இழுக்கத் தயாராகும்படி முதிர வைக்கிறது. எதைத் தடுப்பது, எப்போது விடுவது என்று அந்தச் சின்னத் திசுத் துண்டுக்குத் தெரிந்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ‘ஏட்டி, பிள்ளத்தாச்சி அழப்பிடாது, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது பாத்துக்க’ என்று மருமகளை மிரட்டுகிற மாமியார்களிடம் எனக்குச் சண்டை போடத் தோன்றுகிறது. அழுகிறவளுக்கு அழுகையோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்துக் கொடுப்பதில் யாருக்கு லாபம்? ஒரு நாள் அழுகையால், ஒரு வாரக் கவலையால் பிள்ளை கெட்டுவிடாது. அமெரிக்காவில் ஜேனட் டிபியெட்ரோ என்ற ஆய்வாளர், நல்ல உடல்நலத்தோடு இருந்த கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்தார். மிதமான மன அழுத்தத்தில் இருந்த தாய்மாரின் பிள்ளைகள் இரண்டு வயதில் பின்தங்கவில்லை, சற்று முன்னேதான் இருந்தார்கள் என்று 2006-இல் எழுதினார்.

ஆனால் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. எப்போதும் பதற்றத்திலேயே இருக்கிற தாய்மாரிடம் அந்த நொதியே மெலிகிறது என்பதற்கான அறிகுறி 2012-இல் லண்டன் ஆய்வு ஒன்றில் தெரிந்தது. 1998-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிப்புயல் அடித்து மின்சாரம் இல்லாமல் நாட்கணக்கில் தவித்த கர்ப்பிணிகளின் பிள்ளைகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்தார்கள். அதிகம் அவதிப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் மொழி வளர்ச்சியில் சிறு பின்னடைவு தென்பட்டது. ஆகவே தாயைத் தேற்றுவது வெறும் சம்பிரதாயமல்ல. காவல்காரனின் கைச்சுமையைக் குறைக்கிற வேலை அது.

அதற்குப் படைப்பு கொடுத்திருக்கிற கருவி மூச்சு. இதயத்தை நாம் நினைத்தபடி நிறுத்தி ஓட்ட முடியாது, செரிமானத்தையும் முடியாது. மூச்சு மட்டும் தூங்கும்போது தானாக ஓடுகிறது, விழித்திருக்கும்போது நாம் சொன்னபடியும் கேட்கிறது. வெளிமூச்சை நீட்டினால் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு இறங்குகிறது. திருமூலர் முதல் ஆழியாறு வேதாத்திரி மகரிஷி வரை மூச்சின் இந்த வாசலைத் தமிழ்நாட்டில் பலர் திறந்து காட்டியிருக்கிறார்கள். புத்தர் கற்பித்த ஆனாபானம் என்பதும் வருகிற மூச்சையும் போகிற மூச்சையும் கவனிப்பதுதான். அதை எடுத்து 1979-இல் ஜான் கபட்-ஜின் என்பவர் அமெரிக்காவில், மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், நோயாளிகளுக்குப் பயிற்சியாக்கினார். மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படுவது அங்கிருந்து பரவியது. நான்சி பார்டக் என்ற மருத்துவச்சி 1998-இல் அதையே கர்ப்பிணிகளுக்கான வகுப்பாக மாற்றினார்.

தூத்துக்குடிக்கு இது புதிதல்ல என்பது என் எண்ணம். பனிமய மாதா கோயில் நிழலில் வளர்ந்த வீடுகளில் அந்தி சாய்ந்ததும் ஜெபமாலை சொல்வது வழக்கம். அருள் நிறை மந்திரத்தைச் சீராகச் சொல்லிக்கொண்டு போகும்போது மூச்சுக்கு என்ன ஆகிறது என்று இத்தாலியில் ஒரு குழு அளந்து பார்த்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சாகக் குறைகிறது, ரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயல் வலுப்படுகிறது என்று 2001-இல் எழுதினார்கள். திபெத்திய மந்திரத்திலும் அவர்கள் அதையே கண்டார்கள். காயல்பட்டினத்தில் ஓதுகிற திக்ருக்கும், திருச்செந்தூர் பிராகாரத்தில் உட்கார்ந்து பாராயணம் செய்கிற கவசத்துக்கும் நிதானமாகச் சொன்னால் பலன் வேறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாமி கும்பிடாதவர்களுக்கும் வழி உண்டு. சுவரில் முதுகைச் சாய்த்து, இடுப்புக்கு ஒரு தலையணை கொடுத்து உட்கார வேண்டும். ஒரு கை வயிற்றின்மேல். மூக்கு வழியாக மூச்சு உள்ளே போவதை மனதுக்குள் நாலு எண்ணும் வரை, வெளியே வருவதை ஆறு எண்ணும் வரை. நடுவில் அடக்கக் கூடாது. குளியாளின் வித்தை கர்ப்பிணிக்கு ஆகாது. மூன்றாவது மூச்சுக்குள் மனம் ஓடிவிடும். ‘போட் இன்னும் வரலியே’, ‘ஸ்கேன்ல என்ன சொல்வாங்களோ’, ‘செவ்வாய்க்கிழமை குழுக் கடன்காரன் வந்து நிப்பானே’. ஓடட்டும். ஓடியதைப் பார்த்துவிட்டு, கோபப்படாமல் மறுபடி மூச்சுக்கு வர வேண்டும். அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சியே. பத்து நிமிடம் போதும். ஐந்தாம் மாதத்துக்கு மேல் மல்லாந்து படுத்துச் செய்ய வேண்டாம், கருப்பையின் கனம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம்.

இது உள்ளே இருக்கிறவனுக்கும் எட்டுகிறது. அதே டிபியெட்ரோ, 32-ஆவது வாரத்தில் இருந்த 100 கர்ப்பிணிகளை அமைதியாகப் படுக்க வைத்து, இளைப்பாறும் வழிகளைக் கேட்க வைத்தார். தாய் தளர்ந்ததும் பிள்ளையின் இதயத் துடிப்பும் இறங்கியது, கை கால் அசைவும் அடங்கியது. இந்த ஆய்வு 2008-இல் வெளியானது. வளைகாப்புக்கு வளையல் அடுக்கும் ஏழாம் மாதத்தில் பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கியிருக்கும். அம்மாவின் குரலும் கேட்கும். உள்ளே இருந்தபடியே தண்ணீரில் மூச்சு விடுகிற அசைவையும் அது பழகிக்கொண்டிருக்கும், ஒருநாள் காற்றில் விடப்போகிற மூச்சுக்காக.

ஸ்பெயினின் பார்சிலோனாவில் 1,221 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. பிள்ளை எடை குறைவாகப் பிறக்கும் அபாயம் கூடுதலாக இருந்தவர்கள் அவர்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 21.9 சதவீதம் பேருக்குப் பிள்ளை கர்ப்பக் காலத்துக்கேற்ற எடையில்லாமல் பிறந்தது. மன அழுத்தம் குறைக்கும் தியானப் பயிற்சி பெற்றவர்களில் 15.6 சதவீதம். மத்தியதரைக்கடல் உணவு முறைக்கு மாறியவர்களில் 14 சதவீதம். தியானம் உயர்ந்தது, சோறு அற்பம் என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் வேண்டும்.

தியானம் மருந்துக்கு மாற்றும் அல்ல. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு, முக்கியமாக மனச்சோர்வு, இருக்கிறது. ஆறு ஏழு கர்ப்பிணிகளில் ஒருத்தி. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்கிற நினைப்பு வருகிறது என்றால் மூச்சை எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது. கண்ணை மூடி உட்கார்ந்தால் சிலருக்குப் பழைய துயரம் பொங்கும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி நடக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகும்போது ரத்தம், சர்க்கரை, எடையோடு மனசைப் பற்றியும் நர்சம்மாவிடம் சொல்லலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பத்து நிமிடத்துக்கு டிவியின் சத்தத்தைக் குறையுங்கள், அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ‘என்ன, சும்மா உக்காந்திருக்கே’ என்று கேட்காதீர்கள். அவள் மனம் தாளவில்லை என்று தெரிந்தால் மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.