இருமல் மருந்தும் பிரஜையின் உரிமையும்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் பகலெல்லாம் உழைத்து இரவில் வீடு திரும்பும் பெற்றோர், குழந்தை இருமுவது கண்டு மனம் பொறாமல், மருத்துவரிடம் காட்ட அவகாசமின்றித் தெருமுனை மருந்துக் கடையில் வாங்கி வரும் சிரப் புட்டியில் இருப்பது ஔஷதமா, விஷமா என்பதைக் கண்ணாலோ நாவாலோ அறிய இயலாது. அறியவல்லது ரசாயனப் பரிசோதனைக்கூடம் ஒன்றே. அக்கூடத்தின் கதவைத் தட்டச் சாதாரணப் பிரஜைக்கும் சட்டம் உரிமை தந்திருக்கிறது என்பதை நம்மில் அநேகர் அறியோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரேசன் பார்மா நிறுவனம் தயாரித்த கோல்ட்ரிஃப் என்னும் இருமல் மருந்தை அருந்தி, 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா வட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். தமிழக அரசின் பரிசோதனைக்கூடம் அம்மருந்தை ஆராய்ந்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் அதில் 48.6 சதவீதம் இருக்கக் கண்டது. அனுமதிக்கப்பட்ட வரம்போ 0.1 சதவீதமே. அவ்வாண்டு அக்டோபரில் அதன் விற்பனை தடைசெய்யப்பட்டு, உற்பத்தி உரிமமும் ரத்தாயிற்று. 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டு, அந்நாட்டின் மருந்துச் சட்டத்தையே மாற்றியமைத்த விஷமும் டைஎத்திலீன் கிளைக்காலே. 1972இல் நம் சென்னையிலும் குழந்தைகளின் உயிரைக் குடித்தது இதுவே.

நிறமற்றதும் இனிப்புச் சுவையுடையதுமாகிய இத்திரவம், மருந்தைக் கரைக்கப் பயன்படும் ப்ராபிலீன் கிளைக்காலைப் போலவே தோற்றமளிப்பதால், மூலப்பொருளைப் பரிசோதியாமல் கலப்பவனின் அலட்சியத்தில் எளிதாக உட்புகுந்துவிடுகிறது. உட்கொண்டபின், ஈரலின் என்ஸைம்கள் அதை டைகிளைக்காலிக் அமிலமாக மாற்ற, அவ்வமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய் உயிரணுக்களில் தேங்கி அவற்றை அழிக்கிறது. ஆகவே, மருந்து கொடுத்தபின் குழந்தை வாந்தி எடுத்தாலோ, வயிற்றுவலியால் துடித்தாலோ, சோர்ந்து உறங்கிக்கொண்டே இருந்தாலோ, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ, ஒரு கணமும் தாமதியாமல், மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதிக் கொடுக்கலாகாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக அவை உகந்தவை அல்ல என்றும் மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது.

இனி, உரிமையும் பரிகாரமும். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, எவரும் தாம் விலைகொடுத்து வாங்கிய மருந்தை, உரிய விண்ணப்பத்துடனும் கட்டணத்துடனும் அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கச் செய்து, அவர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம். கலப்பட மருந்தால் மரணம் நேர்ந்தது நிரூபணமானால், குற்றவாளிக்குப் பத்தாண்டுக்குக் குறையாத, ஆயுள்வரை நீளக்கூடிய சிறைத் தண்டனையும், பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. அந்த அபராதத் தொகை பாதிக்கப்பட்டவருக்கோ, மாண்டவரின் உறவினருக்கோ சேர வேண்டுமென்பதும் சட்டத்தின் ஆணையே. நஷ்டஈடு கோரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுவதற்கும் வழியுண்டு. மருந்தினால் விளைந்த தீங்கை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மருந்தின் தரத்தில் ஐயமிருந்தால் அவ்வட்டார மருந்து ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் செய்யலாம்.

ஆனால் இவ்வுரிமைகள் யாவும் நிலைபெறச் சாட்சியம் வேண்டும். பெயர், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றைத் தாங்கிய புட்டியும், கடைக்காரர் தரும் ரசீதுமே அச்சாட்சியம். ரசீது வேண்டாமென்று சில ரூபாய் மிச்சம்பிடிப்பவர், தம் வழக்கின் அஸ்திவாரத்தையே விட்டுவிடுகிறார். மருந்து ஆலைகளில் பணிபுரியும் சகோதரர்களும், பரிசோதனைச் சான்றில்லாத மூலப்பொருட் பீப்பாயைத் திறக்க மறுப்பது தம் கடமையெனக் கொள்ள வேண்டும்.

பெற்றோரே, மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்கு இருமல் மருந்து கொடாதீர்கள். வாங்கிய மருந்துக்கு ரசீது கேளுங்கள். குழந்தை முற்றிலும் குணமடையும்வரை புட்டியை எறியாதீர்கள்.